தயானியின் பேருக்குப் போனவள்

1

இந்தக் கதைக்கு விதை ஒரே ஒரு வாக்கியம். பதுளையில் மருத்துவிச்சியாக இருக்கும் என் சிநேகிதி ஜிப்னா, தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னது: "ஒரு தடவ ஆள் மாறி வந்து டெஸ்ட் எடுத்துட்டுப் போயிட்டாங்க, ரிசல்ட் வந்த பொறகுதான் –"

அதோடு நிறுத்திக்கொண்டாள். எந்தத் தோட்டம், யார், பிறகு என்ன ஆயிற்று என்று அடுக்கினேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அவள் தொழிலுக்கு அந்த வாயடக்கம் வேண்டும். என் தொழிலுக்கு அது பெரும் தொந்தரவு.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் வாரப் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டிருந்தார். இப்போதெல்லாம் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பெண்களுக்குச் சோதனை செய்கிறார்கள், கத்தி வைக்காமல் சின்னச் சிகிச்சையும் செய்து அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள், பயப்படாமல் போகச் சொல்லி ஒரு கதை வேண்டும் என்றார். "முடிவு மட்டும் நல்லபடியா இருக்கட்டும்." சரி என்றேன். அதனால் கீழே வருகிறவர்கள் எல்லாரும் நான் செய்தவர்கள். தோட்டத்தின் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ தேட வேண்டாம்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "பனி விலகாத மலைச்சரிவில், கூடையைச் சுமந்தபடி தயானி –"

வேண்டாம். பனியையும் சரிவையும் போட்டால் அரைப் பக்கம் தானாக நிறையும். கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது: "கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்தால் முற்றாகத் –"

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற தாள்.

மூன்றாவது: "தயானி கிளினிக்குக்குப் போகவில்லை."

இதுதான்.

3

தயானி கிளினிக்குக்குப் போகவில்லை.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயது முப்பத்தைந்து. அந்த வயதுப் பெண்களை ஆஸ்பத்திரியில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்வார்கள். கருப்பையின் வாசலில் லேசாகத் தடவி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். பின்னொரு நாள் புற்றுநோயாக மாறக்கூடியது ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும். மிட்வைஃப் மிஸ், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கே வந்து, நோகாது, கத்தி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தயானியும் தலையாட்டியிருந்தாள். ஆனால் அன்று விடிந்ததும் சேலையைக் கட்டினாள், அவிழ்த்தாள், அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பிள்ளை பெற்றவளுக்கு என்ன வெட்கம் என்று புருஷன் கேட்டான். பிள்ளை பெறும்போது வலியில் வெட்கம் தெரியாது, இது சும்மா இருக்கும்போது காட்டுவது என்றாள்.

சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பிராவில் பிரசாந்தினி. தயானியின் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள். வயது முப்பத்தொன்று. வாய் ஓயாதவள். மலையில் இருவருக்கும் அடுத்தடுத்த நிரை. தயானிக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட நாட்களில் பிரசாந்தினி தன் கொழுந்தில் ஒரு பங்கை அவள் பேருக்கு நிறுக்கக் கொடுப்பாள். பிரசாந்தினிக்கு முடியாத காலைகளில், பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிடும்போது தயானி இரண்டு பேருக்கும் குரல் கொடுத்துவிட்டு, இரண்டு பேருடைய கொழுந்தையும் எடுப்பாள். கங்காணிக்குத் தெரியும். அவர் பெண்சாதியும் அப்படித்தான் காலம் தள்ளினாள். அங்கே இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஓரகத்திகள் என்றால் அப்படி.

(நகரத்து வாசகருக்கு ஒரு குறிப்பு. இந்த இடத்தில் நீங்கள் "என்ன முட்டாள்தனம்" என்று சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். யார் பறித்தாலும் கொழுந்து கொழுந்துதான், பேருக்கு நேரே நிறை விழுந்தால் போதும் என்று பதினெட்டு வயதிலிருந்து பார்த்து வருகிறவள் அவள். ஆஸ்பத்திரியிலும் ஒரு பேரைக் கூப்பிடுகிறார்கள், ஒருத்தி எழுந்து போகிறாள். வித்தியாசத்தை அவளுக்கு யார் சொன்னார்கள்?)

"ஒம் பேருக்கு நான் போயிட்டு வந்துர்றேன்க்கா," என்றாள் பிரசாந்தினி. "யாரும் போகலேன்னா மிஸ் திரும்ப வந்து வாசல்ல நிப்பாங்க. நீ அடுப்புக்குள்ளயே பூந்துக்குவ."

அன்று பார்த்து மிஸ் வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தார். கிளினிக்கில் இருந்தவர்களுக்கு முகம் தெரியாது. பிரசாந்தினி மத்தியானமே திரும்பி வந்து, கங்காணி கொழுந்து பார்ப்பதைவிடச் சீக்கிரமாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள் என்று லயம் முழுக்கச் சிரிக்க வைத்தாள். தயானியும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை எழுதிவைக்கிறேன். இனி இந்தக் கதையில் அதற்கு இடம் கிடைக்காது.

4

மிஸ் மறுபடி வந்தார். தயானியை மட்டும் கோழிக்கூட்டுப் பக்கம் கூட்டிப்போனார். சோதனையில் ஒரு மாற்றம் தெரிகிறது, இன்னும் புற்றுநோய் இல்லை, விட்டால் ஆகலாம் என்றார். வியாழக்கிழமைகளில் பதுளையிலிருந்து டொக்டர் வருகிறார். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, சூடான கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் வழித்து எடுத்துவிடுவார். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, வந்தால் போதும்.

தயானி, சோதனை கொடுத்தவள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் காம்பிராவின் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரசாந்தினியின் மூத்தவள் அந்த வாரம் பெரியவளாகியிருந்தாள். கொழும்பில் கடையில் வேலை செய்கிற புருஷன் லீவு போட்டு வந்திருந்தான். அவன் வாழைமரத்தைக் கோணலாகக் கட்டுகிறான் என்று பிரசாந்தினி திட்டுவது கோழிக்கூடு வரை கேட்டது.

மிஸ் போனதும் அவள் ஓடி வந்தாள். மிஸ் என்ன சொன்னாங்க என்றாள். கையில் மஞ்சள்.

"ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லா இருக்காம்."

சடங்கு வீட்டில் கெட்ட சேதி சொல்லக் கூடாது. இது தயானி நினைத்தது. சடங்கு முடியட்டும் என்று நினைத்தாள். சடங்கு முடிந்தது. சொந்தக்காரர்கள் போகட்டும் என்று நினைத்தாள். போனார்கள். கொழுந்தன் கொழும்புக்குப் போகட்டும் என்று நினைத்தாள். இதற்கு வேறொரு காரணமும் இருந்தது. கெட்டுப்போனவளுக்குத்தான் அந்த வியாதி வரும் என்று லயத்தில் ஒரு பேச்சு. தப்பான பேச்சுத்தான். ஆனால் வருஷத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிற ஆம்பிளையின் காதில் அது எப்படி விழும்?

அவனும் போனான். ஒரு நாள் நிரையில் குனிந்தபடி பிரசாந்தினி, மாதவிலக்கு மாதத்தில் இரண்டு தரம் வருகிறது, கொழுந்துப் பையைச் சுமந்து சுமந்துதான் என்றாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தயானிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஜிப்னாவிடம் கேட்டால் எதற்குக் கேட்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

5

தயானியை நான் நம்புகிறேனா?

ஒரு பிரதியில் அவளைப் பொறாமைக்காரி ஆக்கினேன். பிரசாந்தினியின் புருஷன் கொழும்பிலிருந்து சாமான் வாங்கி வருகிறவன், தயானியின் புருஷன் குடிக்கிறவன், அதனால் அவள் வேண்டுமென்றே வாயை மூடி –

அடித்துவிட்டேன். தொடர்கதையில் பத்து வாரம் ஓடும். ஆனால் பொய். கெட்டவளாக இருந்தால் எனக்கும் உங்களுக்கும் எவ்வளவு வசதி. அவள் கெட்டவள் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறவள். பிரசாந்தினிக்கு முடியாத காலைகளில் அவள் பிள்ளைகளுக்கும் சேர்த்து ரொட்டி சுடுகிறவள்.

(பிரசாந்தினியைக் கிளினிக்குக்கு யாராவது அழைக்கமாட்டார்களா என்று கேட்கலாம். அழைப்பார்கள். முப்பத்தைந்து வயதில்.)

6

வியாழக்கிழமை தயானி ஆஸ்பத்திரிக்குப் போனாள். லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு முடிவோடுதான் போனாள். லயத்தில் சொல்ல வாய் வராததை முன்பின் தெரியாத டொக்டரிடம் சொல்லிவிடலாம். அவர் மிஸ்ஸிடம் சொல்வார். மிஸ் பிரசாந்தினியிடம் சொல்வார். மலையில் பாரமான கொழுந்துப் பையைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்குவது போல.

டொக்டர் பார்த்தீபன் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லப் பேசுகிறவர். தயானி திரைக்குப் பின்னால் படுத்தாள். அடுப்படியில் உட்கார்ந்து பயந்த அத்தனையும் நடந்தது. ஒரு நேர்ஸ் அவள் தோளில் கைவைத்து, வீட்டில் என்ன கறி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். டொக்டர் அந்தக் கண்ணாடியில் பார்த்தார். ஏதோ தடவிவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குப் பிறகும் பார்த்தார்.

"எழும்புங்கோ அம்மா. இங்க ஒண்டும் இல்லை. நல்ல சுத்தமா இருக்கு."

அவருக்கே அது பிடிபடவில்லை. சில பேருக்குத் தானாகவே மாறிவிடும், சில நேரம் முதல் சோதனை பிழையாக இருந்திருக்கும், எதற்கும் இன்னொரு தரம் எடுத்து அனுப்புகிறேன் என்றார். பிறகு கையைக் கழுவியபடி, சாதாரணமாகக் கேட்டார்.

"அண்டைக்கு வந்து சோதனை குடுத்தது நீங்கதானே?"

நான் இங்கே தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். இதற்காகத்தான் அவள் வந்தாள். அவரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். "இல்லைங்க" என்று ஒரு சொல். திரும்பி வந்து உட்கார்ந்து அந்தச் சொல்லை அவள் வாயில் எழுதினேன். எழுதியது நிற்கவில்லை. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். வெளியே மற்றப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஒரு டொக்டர். ஏன் பொய் சொல்லி ஆளை அனுப்பினாய் என்று அவர் கேட்கவில்லை, கேட்பார் என்று அவளுக்குத் தோன்றுகிறது. பெரட்டுக்களத்தில் துரைமாருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ஆமாம் போட்டுப் பழகிய வாய். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்.

"ஆமாங்க."

"அப்ப நல்லம். சந்தோசமாப் போயிட்டு வாங்கோ."

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. எழுத மனமில்லை, ஆனால் நடந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் தயானிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தனக்கு எதுவும் இல்லை. பஸ் நிலையத்தில் ஒரு கடையில் வடை வாங்கித் தின்றாள். பாதி வடையில்தான் அது நின்றது. நல்ல கறுப்பு மையில் தன் பேருக்குச் சுத்தம் என்று எழுதியாகிவிட்டது. இனி அந்த மாற்றத்தைத் தேடி யாரும் லயத்துக்கு வரப்போவதில்லை.

7

ஆசிரியருக்காக எழுதிய முடிவு: தயானி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டுகிறாள். பிரசாந்தினி கத்துகிறாள், சட்டியை எறிகிறாள், அழுகிறாள். அடுத்த வியாழன் இருவரும் சேர்ந்து போகிறார்கள். டொக்டர் தலையில் கைவைத்துக்கொள்கிறார், திட்டவில்லை. ஊசி, கம்பி வளையம், கொஞ்சம் கருகல் வாசம். சாயங்காலம் வீடு. இதில் ஒரு வரி கூட நடக்க முடியாதது இல்லை. அப்படித்தான் சுலபமாக முடிந்துவிடும் காரியம் அது. அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த "ஆமாங்க"வைத் தாண்டி இந்த முடிவுக்கு வர எனக்குப் பாதை தெரியவில்லை. பத்திரிகைக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அனுப்பக் கூடாத முடிவு: பிரசாந்தினிக்கு முப்பத்தைந்து வயதாகிறது. மிஸ் வந்து கூப்பிடுகிறார். இந்தத் தடவை அவள் தன் பேருக்கே போகிறாள். டொக்டர் வளையத்தைப் பற்றிப் பேசவில்லை. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார். ரயிலில் தயானி அவள் தலையைத் தன் மடியில் –

போதும். இதை முழுதாக எழுதத் தெரியும். மூன்று அத்தியாயம் வரும். எழுதமாட்டேன்.

8

எனக்கு இருப்பது இவ்வளவுதான். மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும். நல்லவிதமாக முடிப்பவர்கள், தயானி வாயில் வருகிற முதல் சொல்லையும் சொல்லுங்கள். எனக்குத் தேவைப்படுவது அந்த ஒரு சொல்.

தயானி பஸ்ஸை விட்டு இறங்கி, சாமான் பை இல்லாமல் மேலே ஏறி வருகிறாள். லயத்துக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற பீலியில் பிரசாந்தினி நிற்கிறாள். வேறு யாரும் இல்லை. வெறுங்கையைப் பார்க்கிறாள். சாமான் எங்கே என்று கேட்கிறாள். தயானியால் இன்னொரு பொய்யைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொல்கிறாள். பந்தல் போட்ட அன்றைக்கே மிஸ் வரச்சொன்னதாகவும், டொக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றதாகவும் சொல்கிறாள்.

பிரசாந்தினி குடத்தை இடுப்பில் ஏற்றுகிறாள். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்றதும் முகம் மலர்கிறது. இரண்டு எட்டு வைக்கிறாள். பிறகு நின்று, திரும்பிப் பார்க்கிறாள்.

"ஒண்ணுமில்லாத ஆள எதுக்குக்கா கூப்புட்டாங்க?"