இரண்டு இடது கால்களின் வரலாறு

1

உழைக்கும் மனிதனின் மானத்தைக் காத்த பெருமை உறுவையாறு என்ற சிற்றூரையே சேரும்.

(இதற்கு ஆதாரம் கிடையாது. அந்த ஊர் நவீன்குமாருடைய கம்பெனி வலைத்தளத்தில் 'எங்கள் பாரம்பரியம்' என்ற இடம் காலியாகக் கிடந்தது. நிரப்பித் தரச் சொன்னார். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.)

2

மூன்று தலைமுறையாக ஆலைத் தொழிலாளர்களுக்குச் சீருடை தைக்கும் குடும்பம். நாளை ஒரு சோப்பு ஆலையிலிருந்து மேலாளர் புகழ்வேந்தன் வருகிறார். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் நவீன்குமார் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். பாரம்பரியமுள்ள கம்பெனியாகப் பார்த்துத்தான் கொடுப்போம் என்று மேலாளர் போனிலேயே சொல்லிவிட்டார். ஆகவே நான் எழுதித் தந்ததை நவீன்குமார் படித்துக் காட்டினார்:

'நிறுவனர் சிங்காரவேலு பிரெஞ்சுப் பட்டாளத்துக்கே கால்சட்டை தைத்த...'

"பட்டாளத்துக்கா?" மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார் நவீனின் அம்மா அமுதம். "ஒரே ஒரு சொல்தாவுக்குடா. பென்ஷன் வாங்கிக்கினு பாகூர்ல இருந்தாரே, அவருக்கு."

"சொல்தான்னா பட்டாளத்துக்காரருதானம்மா?"

"அதுக்காவ ஒத்த ஆளு பட்டாளமாயிடுவாரா? அந்தக் கால்சட்டையும் ரெண்டு காலும் எடது காலு. ஒங்க தாத்தா ஒரே பக்கத்த ரெண்டு தபா வெட்டிட்டாரு. சொல்தா போட்டுப் பாத்துட்டு பிரெஞ்சுல இன்னமோ சொன்னாராம்."*

"அப்புறம்?"

"வாங்காம பூட்டாரு. துணி வீணாவுதேன்னு ஒங்க தாத்தாவே வேல செய்யசொல்ல போட்டுக்கினாரு. அதாம்பா நம்ம கம்பெனியோட மொத வேல உடுப்பு."

"இத்த வெளிய சொன்னா ஆர்டர் பூடும்மா."

"நானா போயி சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லிடுவேன்."

* என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. குடும்பத்தில் அதை வாழ்த்துக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

3

இந்த இடத்தில், அமுதம் காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கதைக்குத் தோதாக, மகனுக்காக உருகும் தாயாக்கிப் பார்த்தேன்: 'அமுதத்தின் கண்கள் பனித்தன. நடுங்கும் விரல்களால் அவர்...'

எழுதியதை அடித்துவிட்டேன். அவர் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். கண் பனித்தால் காஜா கோணிக்கொள்ளும்.

4

புகழ்வேந்தன் வந்தார். வலைத்தளத்தை உரக்கப் படித்தார். "பிரெஞ்சுப் பட்டாளமா! நெஜமாம்மா?" என்று அமுதத்தையே கேட்டார்.

முடிவு அ: அமுதம் உண்மையைச் சொல்கிறார்; மேலாளர் நேர்மையை மெச்சிக் கையெழுத்திடுகிறார். (இப்படி ஒரு மேலாளரை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: அமுதம் பொய் சொல்கிறார். (மேலே பார்க்கவும். சொல்ல மாட்டார்.)

நடந்தது வேறு. அம்மா வாயைத் திறப்பதற்குள் நவீன்குமார் சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த சாம்பிள் ஓவராலை நீட்டினார். "மொதல்ல போட்டுப் பாருங்க சார்!"

மேலாளர் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தார். ஜிப் கழுத்துவரை ஏறியது. இறங்கவில்லை. அமுதம் மெழுகுவத்தி தேய்த்து இழுத்தார். இழுத்தபடியே, கேட்ட கேள்விக்குப் பதிலாக, இரண்டு இடது கால்களின் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார்.

மேலாளர் சிரிக்கவில்லை. முறைக்கவுமில்லை. மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார்.

"வெட்டிடட்டா?" கத்தரிக்கோலை எடுத்தார் அமுதம்.

"இருக்கறதே ஒரு சாம்பிள்தாம்மா!" என்றார் நவீன்குமார்.

"வெட்டாதீங்க" என்றார் மேலாளரும்.

ஆர்டரைக் கொடுப்பதா, வேண்டாமா என்பதை வாசகர்களாகிய நீங்களே பார்த்துச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஓவராலுக்கு உள்ளே மேலாளர் எதுவும் போட்டிருக்கவில்லை.