கீழ்த்தட்டு ஒயின்

குளிர்ந்த கோப்பையின் விளிம்பு மேலுதட்டில் படுகிறது, மூக்கு உள்ளே இறங்கிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைகிற வரை இழுக்கிறேன், உள்ளே வருவது குளிர் மட்டும்தான், பூட்டிய வீட்டின் சன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்ப்பது போல, விளக்கு எரிகிறது, ஆட்கள் நடமாடுகிறார்கள், பேச்சு மட்டும் கேட்கவில்லை, இன்னாம்மா வருது என்று கேட்கிறார் சவரிராயன் அண்ணன், ஒண்ணும் வரல அண்ணே என்கிறேன், நல்லா சுத்திட்டு மோந்து பாரு, சுழற்றி முகர்கிறேன், வெளிறிய மஞ்சள் கோப்பைக்குள் வட்டமடித்து அடங்குகிறது, வரல, சரி விடு, அடுத்த வாரம் வரும், அவர் இதைச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அடுப்படியிலிருந்து இடியப்பத் தட்டோடு வருகிற தவமலர் அவரை முறைக்கிறாள், அவவைப் போட்டு நெருக்காதேங்கோ அண்ணை, மூக்கென்ன தண்ணிக் குழாயோ, திருகினவுடன வாறதுக்கு.

எங்கள் கடையின் பின்கட்டில் இருக்கிறது அந்த மேசை, பிரான்சின் நான்த் நகரத்தில், லுவார் ஆறு கடலைச் சேரப் போகிற பக்கம், வாரநாட்களில் மதியச் சாப்பாடு மட்டும் போடுகிற சின்னக் கடை, நானும் தவமலரும் சேர்ந்து நடத்துவது, நான் புதுச்சேரி, அவள் பருத்தித்துறை, மிளகாய்த்தூளை எவ்வளவு வறுப்பது என்பதில் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை, அந்தச் சண்டையில்தான் கடையே நிற்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள், தாளிப்பது மட்டும் முதல் நாளிலிருந்து என் கை, நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை, வெந்தயம் எந்த நொடியில் சிவக்கிறது, எந்த நொடியில் கசக்கப்போகிறது என்பதை மூக்கு சொல்லும், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாலும் சொல்லும், பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது, ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட காலத்துக் காய்ச்சல், எழுந்து நின்றபோது உடம்பு திரும்பியிருந்தது, மூக்கு திரும்பவில்லை.

முதலில் வெறுமை, அதைக்கூடத் தாங்கிவிடலாம், சில மாதம் கழித்து வந்ததுதான் கொடுமை, வெங்காயம் வதங்கினால் டயர் எரிகிற நாற்றம், காப்பி சாக்கடை, பூண்டின் நாற்றத்துக்குப் பெயரே இல்லை, மூக்கு முளைத்து வருகிறது, கோணலாக முளைக்கிறது, பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர், ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு சின்னக் குப்பிகள் கொடுத்து காலையும் மாலையும் முகரச் சொன்னார், முகர்ந்தேன், குப்பிகள் என்னைப் பார்த்தன, நான் அவற்றைப் பார்த்தேன், கடையில் தவமலர் கரண்டியை வாங்கிக்கொண்டாள், நான் காய் நறுக்கினேன், பாத்திரம் கழுவினேன், ஒருநாள் பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், வெளியிலிருந்து வந்த தவமலர் கதவைத் திறந்தவள் அப்படியே என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள், அடுப்புக்குப் போகிற குழாயில் கசிவு, அறை முழுக்க காஸ், தெருவில் நின்று அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது, என் மடியில் இன்னும் கீரைத்தண்டு.

லியோனில் இருக்கிற என் மகள் செலினுக்கு இது தெரிந்த மாலையே போன், அம்மா, கடைய மூடிட்டு இங்க வந்துடு, உனக்குன்னு ரூம் இருக்கு, மூக்கு இல்லாம அடுப்பு முன்னால எப்படிம்மா நிப்ப, அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை, அதனால்தான் கோபம் வந்தது, நிப்பேன் என்றேன், எப்படி என்பதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

பதிலைக் கொண்டுவந்தவர் சவரிராயன் அண்ணன், நெல்லித்தோப்புக்காரர், இந்த ஊரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், இளவயதில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பக்கத்துத் தோட்டங்களுக்குத் திராட்சை பறிக்கப் போனதால் ஒயின் பழகியவர், நாலு குப்பிய வச்சிக்கினு இன்னா பண்ணுவ, ஒரு கோப்பையில நாப்பது வாசம் இருக்கு, அத மோந்து பாரு, என்று ஒரு பாட்டிலை மேசையில் வைத்தார், மஸ்கடே, இந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் மாதிரி குடிக்கிற வெள்ளை ஒயின், கடைகளில் குனிந்து எடுக்க வேண்டிய கீழ்த்தட்டில் இருக்கும், பெரிய பெயருள்ளவை எல்லாம் கண் மட்டத்துத் தட்டில், அண்ணன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை, மேல இருக்குறதுக்கு லேபிளு அழகா இருக்கும், கீழ இருக்குறதுல ஊரு இருக்கும் என்பார், மருத்துவரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு, தாராளமாக முகருங்கள், விழுங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள் என்றார்.

அப்படித்தான் ஞாயிறு மதியங்கள் தொடங்கின, ஒரு பாட்டில், மூன்று பேர், ஒருவாரம் மஸ்கடே, ஒருவாரம் ஆற்றோடு மேலே போனால் வருகிற ஆன்ஜு பக்கத்து ஷெனன் என்கிற இன்னொரு வெள்ளை, ஒருவாரம் பல்லைக் கூச வைக்கிற ஏதோ ஒன்று, அதைச் சிப்பி சாப்பிடும்போது மட்டும்தான் குடிப்பார்களாம், சாப்பாடு தவமலர் பொறுப்பு, என் மூக்குக்காக வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சமைத்தாள், எங்கட கோயில் திருவிழாச் சமையல் எண்டு நினையுங்கோ அக்கா என்பாள், கோயில் திருவிழாவில் இறால் உண்டா என்று அண்ணன் கேட்பார், அவள் அது காதில் விழாத மாதிரி தேங்காய்ப்பால் சொதியை அவர் தட்டில் ஊற்றுவாள், மஞ்சள் பூத்த சொதி, மிளகில் புரட்டிய இறால், ஆவி பறக்கிற இடியப்பம், பக்கத்தில் வேர்த்து நிற்கிற பாட்டில், எனக்குப் புளிப்பும் உப்பும் காரமும் தெரிந்தன, நாக்கு என்னை விட்டுப் போகவில்லை, சொதியின் கொழுப்பை ஒயினின் புளிப்பு கழுவிக்கொண்டு போவது தெரிந்தது, வழி முழுக்கத் தெரிந்தது, வீட்டைத்தான் காணோம்.

தவமலர் அதற்கு முன்னால் ஒயினைத் தொட்டவள் அல்ல, முதல் வாயில் முகத்தைச் சுளித்தாள், புளிச்ச கள்ளு மாதிரிக் கிடக்கு என்றாள், ஆனால் விடவில்லை, எனக்குத் துணைக்கு முகர்கிறவள் போலத்தான் ஆரம்பித்தாள், பிறகு அவளுக்கே அது பிடித்துவிட்டது, அண்ணன் வெள்ளைப் பூ, எலுமிச்சைத் தோல், ஈரக்கல் என்று திராட்சைத் தோட்டத்தில் கற்ற பாடத்தை ஒப்பிப்பார், இல்லை அண்ணை, இது எலுமிச்சை இல்லை, பாதி பழுத்த விளாம்பழம் என்பாள் அவள், இது பச்சை மாங்காய்க் காம்பு முறிக்கேக்க வாற பால், இது மழை பெய்ஞ்சு விட்ட உடன கிணத்துக்கட்டு, அவள் சொல்லச்சொல்ல எனக்குள் ஏதோ எழுந்து நிற்கும், மாங்காய்ப் பாலின் அந்த எரிச்சல் மூக்கின் மேல்பக்கம் வரை வந்து நிற்கும், வருதா அக்கா, வாயைத் திறக்கப் போவேன், அப்போதுதான் சந்தேகம் வரும், இது கோப்பையிலிருந்து வருகிறதா, அவள் சொன்னதிலிருந்து வருகிறதா, விடியற்காலைக் கனவுகளில் எனக்கு எல்லாமே மணந்தது, செலின் குழந்தையாக இருந்தபோது அவள் தலையில் தேய்த்த எண்ணெய், மீன் கழுவிய கை, மாதா கோயில் சாம்பிராணி, விழித்தவுடன் தலையணையை முகர்வேன், பருத்தித் துணி, வெறும் துணி, நினைவு அத்தனை நன்றாக நடிக்கும், அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன், சத்தியமாக வருகிற வரைக்கும் வருகிறது என்று சொல்வதில்லை, அவர்கள் மனம் குளிரட்டும் என்றுகூடச் சொல்வதில்லை, ஒருதடவை பொய்யாக ஆமாம் சொல்லிவிட்டால் பிறகு உண்மையாக வரும்போது எனக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும்.

ஈஸ்டருக்கு செலின் வந்தாள், எங்களோடு மேசையில் உட்கார்ந்தாள், நான் முகர்வதை, குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்க்கிற தாயைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள், தாய் யார் மகள் யார் என்று ஒருகணம் எனக்குக் குழம்பியது, வருதாம்மா, ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், கடை பிழைத்துவிடும், அவள் நிம்மதியாக ரயில் ஏறிவிடுவாள், தவமலர் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் தொண்டையைக் கனைத்தார், வரலம்மா என்றேன், செலினின் கண் நிறைந்துவிட்டது, அப்ப எதுக்கும்மா இதெல்லாம், வரும் வரைக்கும் என்றேன், வரலன்னா, வரலன்னா தவமலர் தாளிப்பா, நான் பக்கத்துல நிப்பேன், லியோனுக்கு மட்டும் வரமாட்டேன், நான் கத்தவில்லை, இடியப்பத்தை அவள் தட்டில் வைத்துக்கொண்டேதான் சொன்னேன், அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள், இரண்டாம் முறை சொதி கேட்டு வாங்கினாள், நீ புடிச்ச புடி என்று முணுமுணுத்தாள், அது அவள் அப்பா என்னைப் பற்றிச் சொல்லக் கேட்டு அவள் கற்றுக்கொண்ட வாக்கியம்.

பிறகு கோடை வருகிறது, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்கிறோம், ஒரு ஞாயிறு அண்ணன் ஆன்ஜு பக்கத்து ஷெனன் இரண்டு பாட்டில் வாங்கி வந்திருந்தார், ஒன்று மேசைக்கு, ஒன்று அவர் வீட்டுக்கு, தக்கையை உருவி ஊற்றினார், தவமலர் நண்டை உடைத்து வைத்துக்கொண்டிருந்தாள், அண்ணன் முகர்ந்துவிட்டு, பேரிக்கா, கொஞ்சம் தேனு, இன்னும் வாயத் தெறக்கல, காத்துப் பட்டா தெறந்துக்கும் என்றார், தவமலர் முகர்ந்தாள், ஓம், பேரிக்காய்தான், நல்லாக் கிடக்கு, நான் மூக்கை இறக்கி இழுத்தேன், இழுத்தவுடன் தலையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன், இன்னா ஆச்சு, மறுபடியும் முகர்ந்தேன், ஈரக் கோணிப்பை, புதுச்சேரியில் மாமாவின் மளிகைக் கடைக்குள் புயல் வெள்ளம் புகுந்து வடிந்த பிறகு அடுக்கடுக்காக நனைந்து கிடந்த கோணிப்பை, மக்கிய அட்டைப்பெட்டி, அண்ணே, இது கெட்டுப் போச்சு என்றேன்.

அண்ணனும் தவமலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை எனக்குப் புரிந்தது, வெங்காயம், காப்பி, இப்போது ஒயினும் போய்விட்டது, கடைசியாக மிச்சமிருந்த ஒன்றும் கோணலாகிவிட்டது, தவமலர் மெதுவாக என் கோப்பையை நகர்த்தினாள், பரவாயில்லை அக்கா, இண்டைக்கு விடுவம், நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன், விடமாட்டேன், எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது, இவர்கள் பேரிக்காய் என்கிறார்கள், தேன் என்கிறார்கள், கோணிப்பை என்று இந்த மேசையில் யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லாத ஒன்றை நான் எப்படி நினைத்துக்கொள்வேன், அந்த இன்னொரு பாட்டிலையும் தெறங்கண்ணே என்றேன், அது வூட்டுக்கும்மா, தெறங்க.

திறந்தார், அதே ஒயின், அதே ஆண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தவமலர் பாட்டிலுக்கு ஒன்றாக இரண்டு கோப்பைகளில் ஊற்றி, இடம் மாற்றி வைத்துவிட்டுத் திரும்பினாள், முகர்ந்தேன், கெட்டது இது என்றேன், அவள் முகம் ஒன்றும் காட்டவில்லை, மறுபடியும் மாற்றினாள், இது, மறுபடியும், இது, கோப்பைகளைத் துணியால் மூடித் தட்டாமாலை சுற்றுவது போலச் சுற்றிவிட்டு வைத்தாள், இதுதான் தவமலர், இதுதான், ஒருதடவைகூடத் தப்பவில்லை, சவரிராயன் அண்ணன் இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், வெளிச்சத்தில் நின்று மாற்றி மாற்றி நெடுநேரம் முகர்ந்தார், இதற்குள் காற்றுப் பட்டு ஒயினும் வாயைத் திறந்திருந்தது, திரும்பி வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தார், தக்கைம்மா, தக்கை கெட்டு ஒயின்ல எறங்கியிருக்கு, எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கு, தவமலர் கையெல்லாம் நண்டோடு என்னைக் கட்டிக்கொண்டாள், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊத்தை மணம்தான் முதல்ல வரவேணுமோ அக்கா என்று அழுதுகொண்டே சிரித்தாள், எது வந்தாலும் வரட்டும் என்றேன், இரண்டாவது பாட்டிலின் நல்ல ஒயினில் எனக்குப் பேரிக்காயும் வரவில்லை, தேனும் வரவில்லை, வரல என்றே சொன்னேன், மூன்று பேரும் அதைக் குடித்து முடித்தோம்.

திங்கட்கிழமை காலை செலினுக்குப் போன் போட்டேன், நடந்ததைச் சொன்னேன், கெட்டுப் போனது தெரிஞ்சுதாம்மா என்றாள், தெரிஞ்சுது, அப்போ காஸும் தெரியும்ல, தெரியலாம், தெரியற வரைக்கும் காஸ் கசிஞ்சா சத்தம் போடுற கருவி ஒண்ணு வாங்கி சுவத்துல மாட்டியிருக்கு, கடைக்கு வா, நீயே பாரு, வரேன் என்றாள், கூட்டிட்டுப் போக இல்ல, சும்மா வரேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன், தவமலர் வாணலியில் எண்ணெய் காயவைத்திருந்தாள், சின்ன வெங்காயம் உரித்துத் தயாராக இருந்தது, கரண்டியைக் கொடு என்று கையை நீட்டினேன், அக்கா, இது உங்களுக்கு ஊத்தையா மணக்குமே, தெரியும், கொடு, வெங்காயம் எண்ணெயில் விழுகிறது, விழுந்தவுடன் டயர் எரிகிறது, போன வாரத்தைப் போல, போன மாதத்தைப் போல, தீயைக் குறைக்கிறேன், முகத்தைத் திருப்பவில்லை, இன்னும் குனிந்து அந்த நாற்றத்துக்குள்ளேயே மூக்கை வைத்துக்கொண்டு கிளறுகிறேன், ஓரங்கள் கண்ணாடியாகின்றன, பிறகு பொன்னாகின்றன, நான் பாக்கிறன் அக்கா, நீங்கள் போங்கோ, வேணாம் தவமலர், நீ வெந்தயத்த எடுத்துக் குடு, அவள் எடுத்துக் கொடுக்கிறாள், கண்ணால் பார்த்துப் போடுகிறேன், கண்ணால் பார்த்தே இறக்குகிறேன், வெந்தயம் கருகவில்லை.