அளவெடுத்த குழி

எழுபத்தைந்தாயிரம் ரூபாய். சோலார் கம்பெனியிடம் அப்பா வாங்கியிருந்த அந்தத் தொகைதான், அவர் உடம்பைக் குளிப்பாட்டும்போதும் சுகுணாவின் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. விடிகாலையில் பால் கறக்க உட்கார்ந்த அப்பா சென்னப்பன் சொம்போடு சாய்ந்துவிட்டார். நசுங்கிய சொம்பு இன்னும் கொட்டகையிலேயே கிடந்தது.

நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க கம்பெனி கொடுத்த முன்பணம் அது. வேப்பனப்பள்ளிப் பக்கம் பழங்காலத்துப் புதைகுழிகள் உண்டு என்பதால் தகடு பதிக்குமுன் நிலத்தைச் சோதிப்பார்கள். ஏதாவது கிடைத்துவிட்டால் குத்தகை இல்லை, பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அப்பாவோ அதை முழுக்கப் போர் போட்டு மண்ணுக்குள் விட்டிருந்தார். புகைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை.

நேற்றுத்தான் தொல்லியல் ஆய்வுக்கு வந்த அனுப்ரியா, கொள்ளு அறுத்த காட்டில் கயிறு கட்டிச் சதுரமாக ஒரு குழி தோண்டினாள். இடுப்பளவு போயும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"எனக்கு அளவெடுக்கிறியா தாயி? இன்னும் கொஞ்சம் நீட்டமா வெட்டு, காலு இடிக்கும்" என்று கரையில் நின்று அப்பா கேலி பேசினார்.

அவளும் சிரித்தாள். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துவிட்டு எழுதித் தருவதாகச் சொல்லி, குழியைத் திறந்தபடியே விட்டுப் போனாள்.

அதைச் சித்தப்பா மாதேஸ்வரன் பிடித்துக்கொண்டார். "வெட்டின குழிய ராத்திரி வாய் பொளந்து போட்டா ஆளு கேக்காதா? எங்கண்ணனக் கேட்டுருச்சு. இனிமே அவன வைக்காம வெறுங்குழிய மூடினா, அடுத்தது யாரு?"

யாரும் மறுக்கவில்லை. சொந்த நிலத்தில் புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். கயிற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழியை நீட்டி ஆழமாக்கினார்கள். பாடை வரப்பில் இறங்கியது. ஒரே பிள்ளை என்பதால் சுகுணாவும் கூடவே வந்திருந்தாள்.

கடப்பாரை ணங்கென்றது. பலகைக்கல். நெம்பித் தள்ளினார்கள். அடியில் கறுப்பும் சிவப்புமாக ஒரு பானை. பக்கத்தில் ஒரு மண்டையோடு. பல் வரிசை அப்படியே இருந்தது.

வெட்டிக்கொண்டிருந்தவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே தாவினான். மேளம் நின்றது.

மாலையோடு வந்திருந்த கம்பெனி ஏஜென்ட் ராஜேஷ்குமார் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்த மேடம் மத்தியானந்தான் வருவாங்க. அப்பாவ மேல வெச்சு மூடிடுங்க. சமாதிய யாரும் தோண்ட மாட்டாங்க. நான் எதையும் பாக்கல."

"அதான் சரி. எறக்குங்கடா" என்றார் சித்தப்பா.

சுகுணா பாடையைப் பார்த்தாள். அப்பாவின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். குழிக்குள் இருந்தவருக்கு அந்தக் கட்டு எப்போதோ அவிழ்ந்து போயிருந்தது.

"வேணாம் சித்தப்பா."

"என்னா கண்ணு, வெறுங்குழிய மூடச் சொல்றியா?"

"எது வெறுங்குழி? அதான் ஆளு இருக்காரே." சுகுணா மண்டையோட்டைக் காட்டினாள். "அவரு நெஞ்சு மேலயா எங்கப்பனப் படுக்க வெப்பீங்க? தள்ளி வேற வெட்டுங்க."

சித்தப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தள்ளி நடந்தார்.

"அப்ப அந்தப் பணம், அக்கா..."

"தர்றோம்ப்பா" என்றபடி சுகுணா போனில் அனுப்ரியாவின் எண்ணைத் தேடினாள்.

காரியம் முடிந்ததும் இரண்டு கறவை மாடுகளையும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏற்றுமுன் அம்மா நாகம்மா கடைசியாக ஒரு சொம்பு கறந்துகொண்டாள். சந்தையிலிருந்து வந்த பணத்தை ராஜேஷ்குமார் எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

அப்புறம் அம்மா அந்த நசுங்கிய சொம்போடு காட்டுக்குள் இறங்கினாள். பாதிப் பாலை அப்பாவின் மண்மேட்டில் ஊற்றினாள். மீதியை, அனுப்ரியா மறுபடியும் கயிறு கட்டியிருந்த குழியின் கரையில்.