நீலமா சாம்பலா

மலர்க்கொடி லால்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கும்போதே தலை கனத்துப் போயிருந்தது. நான்கு நாளாக அவள் பார்த்த வீடியோக்கள் அப்படி. ஒருவன் இந்த போனைப் போல உலகத்தில் இல்லை என்றான். அடுத்தவன் அதே போனைக் கையில் வைத்துக்கொண்டு தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள் என்றான். புருஷன் பெரியண்ணனைக் கேட்டால், "பேட்டரி நின்னா போதும், வேற என்ன வேணும்?" என்றார். துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கும் நாத்தனார் மகன் அஜித், "பிராசஸர் பாருங்க அத்தை, பேட்டரியை எல்லாரும் ஒரே மாதிரிதான் கொடுக்கிறாங்க" என்றான். பிராசஸரை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

போன் அவளுக்கு இல்லை, தங்கை ராசாத்திக்கு. ராசாத்திக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தையல் கடையில் வேலை. புருஷன் சிவசங்கருக்கும் கேட்காது, அவர் வெல்டிங் பட்டறைக்குப் போகிறார். போன வாரம் துணி அலசும்போது ராசாத்தியின் போன் வாளிக்குள் விழுந்துவிட்டது. அரிசியில் புதைத்து வைத்தும் உயிர் வரவில்லை. அன்றிலிருந்து, புருஷன் வீடு திரும்பும்வரை அவளுக்குப் பேச்சுத் துணையே இல்லை. ஆறு வயதிலிருந்து காது கேளாதோர் பள்ளி விடுதியில் ஒரே அறையில் வளர்ந்த சிநேகிதி சம்ரீன், பாலக்கரையில் இருக்கிறாள். தினமும் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள். அது நின்றுபோனதில் ராசாத்தி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சிவசங்கர் மெசேஜ் அனுப்பியிருந்தார். சம்பா அறுவடை முடிந்த கையோடு, இந்தத் தடவை நான் வாங்கித் தருகிறேன் என்று மலர்க்கொடி கிளம்பிவிட்டாள்.

ராசாத்தி பஸ் ஸ்டாண்ட் வாசலிலேயே காத்திருந்தாள். இருவரும் பக்கத்தில் இருந்த பெரிய போன் கடைக்குள் நுழைந்தார்கள். சரத்குமார் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த விற்பனையாளர் நாற்காலி இழுத்துப் போட்டார்.

"யாருக்குக்கா?"

"என் தங்கச்சிக்கு. அவளுக்குக் காது கேட்காது. வீடியோவில்தான் பேசுவா."

"அப்ப கேமராதான் முக்கியம்" என்று அவர் இரண்டு போனை எடுத்து வைத்தார். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். நீலத்தில் மெகாபிக்சல் அதிகம், சார்ஜ் சீக்கிரம் ஏறும், திரை பளபளக்கும். சாம்பலில் இதெல்லாம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஏதோ ஒரு சென்சார் பெரியது. அவர் சொன்னது முழுக்க மலர்க்கொடியிடம்தான். ராசாத்தி இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீல போனைத் தானே எடுத்து வீடியோ கால் என்று சைகை காட்டினாள். டெமோ போன்களில் கடை நம்பர் இருந்தது. சரத்குமார் மலர்க்கொடியின் போனிலிருந்த சம்ரீனின் நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

திரையில் மரமும் வானமும் தெரிந்து, பிறகு சம்ரீன் வந்தாள். ராசாத்தியின் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு மலர்ந்ததை மலர்க்கொடி பார்த்தாள். கை பறந்தது. கொஞ்ச நேரத்தில் சம்ரீன் இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களை ஆட்டினாள். அது கைதட்டல் என்று மலர்க்கொடிக்குத் தெரியும். ராசாத்தி இல்லை இல்லை என்று தலையாட்டி மறுபடி ஏதோ காட்டினாள். சம்ரீன் இன்னும் பலமாகக் கைதட்டினாள்.

ராசாத்தி வீடியோ காலை முடித்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள். புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். உள்ளங்கையால் முகத்தை மேலிருந்து கீழாக வழித்துக் காட்டினாள்.

"முகம் அழகா தெரியுதுன்னு சொல்றாங்க போல" என்றார் சரத்குமார். "இதுல பியூட்டி மோட் இருக்கு. இன்னும் கூட்டலாம்." கூட்டியும் விட்டார். திரையில் ராசாத்தியின் முகம் தேய்த்து வைத்த வெண்கலக் குடம் மாதிரி ஆனது. ராசாத்தி தலையில் கை வைத்தாள். பிறகு அக்காவின் போனை வாங்கித் தமிழில் தட்டினாள்.

'சம்ரீன்கிட்ட இதை வாங்கவான்னு கேட்டேன். வாங்கிட்டேன்னு நினைச்சுட்டா. கேள்வின்னா புருவத்தைத் தூக்கணும். இந்த போன் முகத்தை வழிச்சு எடுக்குது. புருவம் தெரியலைன்னா கேள்வியே இல்லை.'

மலர்க்கொடி அதை இரண்டு தடவை படித்தாள். புருவத்தில் கேள்வி இருப்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாது. சரத்குமார் செட்டிங்கில் நுழைந்து அதை அணைத்தார். "கேமராவில் ஆஃப் ஆயிடுச்சு. வீடியோ காலில் ஆகுதான்னு பார்க்கணும்" என்று இழுத்தார். அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

அடுத்து சாம்பல் போன். இதில் முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. ஆனால் இப்போது சம்ரீன் முகத்தைச் சுருக்கினாள். விரல்கள் இழுபடுகின்றன, என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை என்றாளாம். அப்படியானால் நீலமே நல்லது என்று மலர்க்கொடி முடிவுக்கு வந்த நேரம், சம்ரீன் அங்கேயே உறைந்து நின்றாள். காற்றில் பறந்த துப்பட்டாவும் அப்படியே நின்றது. சற்றுப் பொறுத்து அவளிடமிருந்து மலர்க்கொடியின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'பிள்ளைகளோட முக்கொம்பு பார்க்குக்கு வந்திருக்கேன் அக்கா. இங்கே டவர் வருது போகுது.'

மலர்க்கொடி அந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். இழுபட்டது சாம்பல் போனா, முக்கொம்பு டவரா? புருவம் காணாமல் போனதும் இங்கேயா, அங்கேயா? இதுவரை பார்த்ததெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

"நீங்களே எதிர்ப்பக்கம் இருந்து பாருங்களேன்க்கா. உங்க போனுக்கு இங்கேயிருந்து போடச் சொல்றேன்" என்றார் சரத்குமார்.

அது நியாயமாகப் பட்டது. ராசாத்தி மாடிப்படிக்குக் கீழே, அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மங்கலான இடத்துக்கு இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே ஏன் என்று சரத்குமார் கேட்டதற்கு, தன் சமையலறையில் இவ்வளவு வெளிச்சம்தான் என்று தட்டிக் காட்டினாள். மலர்க்கொடி வெளியே வந்து கடையோரம் நின்றாள். பஸ்கள் இரைந்துகொண்டு போயின. இந்தப் பேச்சுக்கு இரைச்சல் ஒரு தொந்தரவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் நீலம். திரையில் தங்கை வந்தாள். வீடியோவில் அவர்கள் இருவரும் பேசியதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் மெசேஜ் அனுப்புவாள், இல்லாவிட்டால் நேரில் போவாள். ராசாத்தியின் கை மார்புக்கு முன்னால் ஏதோ பேசியது. நீளமாக, வேகமாக. மலர்க்கொடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்து சாம்பல். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை வரை தெரிந்தது. கை மறுபடி அதையே பேசியது போலிருந்தது. வேறெதையோ பேசியது போலவும் இருந்தது. இதிலும் பிடிபடவில்லை.

போன் தெளிவாக இல்லையா, எனக்கு அவள் பாஷை தெரியவில்லையா என்று மலர்க்கொடிக்குச் சந்தேகம் வந்தது. சாப்பாடு, தண்ணீர், வலி, வா, போ என்று வீட்டுக்குள் வைத்திருந்த சைகைகள் பத்துப் பதினைந்துதான் அவளுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் டாக்டரிடமும் டீச்சரிடமும் தங்கைக்காக அவள் பேசி வந்திருக்கிறாள். ராசாத்தி இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள். மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரியலை என்று கையை விரித்தாள். ராசாத்தி ஒரு நொடி பார்த்தாள். பிறகு வேகத்தைக் குறைத்து, வாயில் கை வைத்து, வீட்டுச் சைகையில் கேட்டாள். சாப்பிட்டியா?

மலர்க்கொடி உள்ளே போனாள்.

"எது தெளிவா இருந்துச்சுக்கா?"

"தெரியலையே தம்பி. நிஜமாவே தெரியலை."

"நான் சொல்றதுன்னா நீலம்தான். இப்ப அதுதான் நல்லா போகுது."

மலர்க்கொடி வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு, தங்கையைப் பார்த்து, எது என்று இரண்டையும் காட்டினாள். ராசாத்தி யோசிக்கக்கூட இல்லை. சாம்பலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

ஏன் என்று கேட்டதற்கு மூன்று காரணம் சொன்னாள். முதலாவது முகம் என்பது புரிந்தது. இரண்டாவது இருட்டு என்பதும் புரிந்தது. மூன்றாவது, இரண்டு விரலை வளைத்து நெஞ்சருகே திருப்பிக் காட்டியது, புரியவில்லை. தட்டிக் காட்டு என்று மலர்க்கொடி போனை நீட்டினாள். ராசாத்தி வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே அதையே இன்னொரு தடவை கையில் காட்டினாள். பில் போடும்போதும் அது என்னவாக இருக்கும் என்றே மலர்க்கொடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் லால்குடியில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். ராசாத்தி மெதுவாகத்தான் பேசினாள். சம்ரீன் என்றாள், பஸ் என்றாள், சாப்பாடு என்றாள். நடுவில் நிறைய வந்தது. பார்க்கத் தங்கை சந்தோஷமாக இருந்ததால் மலர்க்கொடி சரி சரி என்று தலையாட்டினாள். அவர்கள் எங்கேயோ பஸ் ஏறிப் போய்ச் சாப்பிடப் போகிறார்கள் என்று புருஷனிடமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. ராசாத்தி, சிவசங்கர், சம்ரீன், சம்ரீனின் இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"இவங்க வர்றதா சொல்லவே இல்லையே" என்றார் பெரியண்ணன்.

"சொல்லியிருக்காங்க. நான்தான் சரின்னிருக்கேன்" என்றாள் மலர்க்கொடி.

அவர் முட்டை வாங்கக் கடைக்கு ஓடினார். அவள் உலையில் இன்னும் அரிசி போட்டாள். சம்ரீன் யாரும் சொல்லாமலே அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்கினாள். ராசாத்தி புளி கரைத்தாள். ஒருத்தி கை ஓய்ந்தபோது பேசினாள், மற்றவள் கத்தரிக்காயைப் போட்டுவிட்டுப் பதில் சொன்னாள். அடுக்களையில் அத்தனை பேச்சு நடந்துகொண்டிருந்தது. மலர்க்கொடிக்கு அதில் நாலில் ஒன்று புரிந்திருந்தால் அதிகம்.

வியாழக்கிழமை வேறு எதற்கெல்லாம் தலையாட்டினோம் என்று அவளுக்குத் திடீரென்று கவலையாக இருந்தது. அதை எப்படிக் கேட்பது? யோசித்து யோசித்து, போன், நான், தலை, வேறு என்று தனக்குத் தெரிந்ததை வைத்துக் கையால் கோத்துக் கேட்டாள். ராசாத்தியும் சம்ரீனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் புரியவில்லை. மறுபடி சொல் என்றாள் ராசாத்தி.

மலர்க்கொடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.