தோண்டிய தடம் தெரியாது

நோரிஸ் பெல் திருடர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கிலாந்தின் அந்த நார்ஃபோக் கிராமத்தில் இப்போது பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், மீதிப் பேர் அதைவிட மோசமாக நினைக்கிறார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். சனிக்கிழமையானால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தத்தால் காட்டும் டிடெக்டரை இடமும் வலமும் வீசிக்கொண்டு, வில்ஃப் தர்லோவின் மேய்ச்சல் நிலத்தில் நடப்பார். பதினேழு வருஷம் அப்படி நடந்தார். கிடைத்ததெல்லாம் கோட்டுப் பித்தான், சேணத்துக் கொக்கி, தேய்ந்துபோன வெள்ளிக்காசு, எண்ணி மாளாத பீர் டின் மூடி. அதற்கே மனிதர் வாரம் முழுக்கச் சனிக்கிழமைக்காகக் காத்துக் கிடப்பார்.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றவர்கள் தோண்டினால் நிலம் பன்றி புகுந்த மாதிரி ஆகும். நோரிஸ் கூரான கைமண்வெட்டியால் புல்லை மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை வெட்டாமல் விட்டு, பெட்டி மூடியைத் திறப்பதுபோல் திருப்புவார். பொருளை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்து, நெஞ்சுப் பையிலிருக்கும் சின்னத் தகர டப்பாவில் போட்டுக்கொள்வார். பிறகு மண்ணைத் தள்ளி, புல்லை மூடி, குதிகாலால் இரண்டு மிதி. அவ்வளவுதான். அந்த இடத்தில் யாரும் கை வைத்ததாகவே தெரியாது.

இதை வில்ஃப் தர்லோ மதுக்கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லுவார்.

"என் மாடுங்க அது மேலயே நின்னு மேயுது. அதுங்களுக்கே தெரியல, இந்தாளு எங்க தோண்டினாருன்னு."

அந்தப் பெருமையில்தான் அவர் நோரிஸிடம் நிலத்துக் கேட்டின் சாவியையே கொடுத்து வைத்திருந்தார். அந்த ஜில்லாவில் எந்த விவசாயியும் டிடெக்டர்காரனுக்குச் சாவி கொடுத்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நிலத்தில் நோரிஸுக்கு ஒரு பழைய வெண்கல ஊசி கிடைத்தது. முறைப்படி அருங்காட்சியகத்தில் பதிவுசெய்தார். விஷயம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. ஒரு மாதத்துக்குள் ராத்திரித் திருடர்கள் டிடெக்டரோடு வந்து நாற்பது குழி தோண்டி, ஒன்றைக்கூட மூடாமல் போய்விட்டார்கள். ஒரு கறவை மாடு குழியில் காலை விட்டு எலும்பை முறித்துக்கொண்டது. வில்ஃப் தன் கையாலேயே அதைச் சுட வேண்டி வந்தது. சுட்டுவிட்டு வந்து சொன்னார்:

"இதுல உன் தப்பு ஒண்ணுமில்ல, பங்காளி. ஆனா இன்னொரு தடவ இப்படி ஆச்சு, உனக்கும் சேத்துதான் கேட்ட மூடுவேன்."

அந்த வார்த்தை நோரிஸுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

போன வருஷம் அக்டோபரில், அதே நிலத்தில், ஓடைக்கு இருபது கெஜம் இப்பால், ஹெட்போனில் ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. டின் மூடி என்று அலுப்போடுதான் புல்லைத் திருப்பினார். கட்டைவிரல் நகம் அளவில் பழங்காலத்துத் தங்கப் பதக்கம் ஒன்று, நடுவில் மாதுளை முத்துகளாகச் சிவப்புக் கற்கள். சங்கிலியில் மாட்டும் வளையம் மட்டும் இல்லை. உலகப்போர்க் காலத்தில் தானியம் போட அந்த மேய்ச்சல் நிலத்தை உழுதிருந்தார்கள். கலப்பை பிய்த்துப் போட்டிருக்க வேண்டும். நோரிஸ் புல்மேல் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் பழக்கம்போல் குழியை மூடினார்.

அருங்காட்சியகத்தில் இப்படி வருகிற பொருள்களைப் பதிவுசெய்கிறவள் இமோஜன் என்ற பெண். படிவத்தை நீட்டினாள். எங்கே கிடைத்தது என்ற கட்டத்தில் வரைபட எண்ணை எழுத வேண்டும். பித்தானுக்குக்கூடப் பத்து இலக்கம் தவறாமல் எழுதுகிறவர் நோரிஸ். அன்று ஓடைக்கு அந்தப் பக்கத்து எண்ணை எழுதினார். அது மேஜர் கார்ஸ்டேர்ஸின் பண்ணை. அங்கேயும் தேட அவருக்கு அனுமதி இருந்தது. அங்கே காவலாள், நாய், கேமரா எல்லாம் உண்டு, திருடன் கால் வைக்க மாட்டான். வில்ஃபின் நிலம் தப்பும், அவரும் கேட்டை மூட மாட்டார்.

பொய்யில் பாதி இந்தப் பயம். மீதிப் பாதியை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இன்னும் என்னவெல்லாம் அங்கே கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாமல் தானே நிதானமாகத் தேடி எடுக்கலாம் என்ற ஆசைதான் அது. ஆசையைப் பயத்தின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் மனசாட்சிக்குத் தெரியாது என்று நினைத்தார்.

அந்த நாட்டில் சந்தேகச் சாவை விசாரிக்கும் அதிகாரிதான் புதையலையும் விசாரிப்பார். விசாரித்து, புதையல்தான் என்று சொல்லிவிட்டார். அருங்காட்சியகம் வாங்க முன்வந்தது. விலையில் பாதி கண்டவனுக்கு, பாதி நிலத்துக்காரனுக்கு. பத்திரிகையில் படித்துவிட்டு மதுக்கடையில் வில்ஃப்தான் முதல் ஆளாக வந்து நோரிஸின் முதுகில் தட்டினார்.

"யோவ், கெட்டிக்காரன்யா நீ. ஆனா அந்தச் சனியன் இருபது கெஜம் இந்தப் பக்கம் விழுந்து தொலைஞ்சிருக்கக் கூடாதா? மேஜருக்கு எதுக்குய்யா காசு, குதிரைக்கு லாடம் அடிக்கவா?"

கடையே சிரித்தது. நோரிஸும் சிரித்தார்.

இந்த வருஷக் கோடையில் வில்ஃபின் மந்தைக்குக் காசநோய் வந்தது. அதிகாரிகள் சோதித்து, அறுபது மாட்டையும் கொல்வதற்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது நிலம் மட்டும்தான். சூரிய மின்சாரத் தகடு நடுகிற லண்டன் கம்பெனி ஒன்று விலை பேசியது. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவானது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நோரிஸ் வாயைத் திறந்தார். பதக்கத்துக்கான பணம் அதுவரை யார் கைக்கும் போகவில்லை. வில்ஃப் காலித் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மாடே இல்லாத தொழுவத்தை எதற்குக் கழுவ வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

"வில்ஃப், அந்தப் பதக்கம் மேஜர் நிலத்துல கிடைக்கல. உன் நிலத்துலதான் கிடைச்சுது."

வில்ஃப் குழாயை மூடினார்.

"ஒரு வருஷமாவா தெரியும் உனக்கு?"

"ஆமா."

"என் மாட்ட லாரில ஏத்தின அன்னிக்கு நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"எனக்கு டீ ஊத்திக் குடுத்தியே."

வில்ஃபின் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பாதி கெடச்சா நான் இந்த நெலத்த விக்க வேண்டாம். போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. அப்புறம் பேசுவோம்."

திங்கட்கிழமை காலையில் இமோஜன் முழுதையும் கேட்டாள். அவள் முகம் கல்லாக இருந்தது.

"மிஸ்டர் பெல், உங்க கையெழுத்து போட்ட படிவம் இங்க இருக்கு. இப்ப நீங்க மாத்திச் சொன்னா, மேஜரோட வக்கீல் என்ன சொல்லுவார்? சிநேகிதருக்குக் கஷ்டம்னதும் கதை விடறார்னு சொல்லுவார். எங்க தோண்டினீங்கன்னாவது காட்ட முடியுமா?"

"அது... தெரியாதும்மா. நான் மூடினா தெரியாது."

"உங்க பங்கு உங்களுக்குக் கிடைக்காது. அது புரியுதா?"

"எனக்கு வேணாம். வில்ஃபுக்குக் கிடைச்சாப் போதும்."

அவள் பதக்கத்தின் போட்டோவை எடுத்துப் பார்த்தாள்.

"பதக்கத்துல வளையம் உடைஞ்சிருக்கு. அந்தத் துண்டு அவர் நிலத்துல கிடந்து, பிறகு முறிவு முறிவோட பொருந்தினா, பங்கு யாருக்குன்னு முடிவு பண்ற கமிட்டிக்கு நான் எழுத முடியும். ஆனா ஒண்ணு. நீங்க எடுக்கக் கூடாது, தொடக் கூடாது. சத்தம் கேட்டதும் அப்படியே விட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. நான் வந்து என் கையால எடுத்தாத்தான் சாட்சி. உங்க வார்த்தைக்கு இப்ப மதிப்பில்ல, தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நேராக நிலத்துக்குப் போனார்.

திங்கள், செவ்வாய், புதன். சணல் கயிற்றைக் கட்டி, ஓடைக் கரையிலிருந்து அடி அடியாக நடந்தார். காலையிலிருந்து இருட்டும்வரை சீஸ் வைத்த இரண்டு ரொட்டித் துண்டுதான் ஆகாரம். மழை விடவில்லை. சத்தம் கேட்ட ஒவ்வொரு இடத்துக்கும் இமோஜனைக் கூப்பிட முடியுமா? பலமான சத்தங்களைத் தோண்டிப் பார்த்தார். ஆணி, பித்தான், டின் மூடி. எடுத்தார், துடைத்தார், டப்பாவில் போட்டார், மூடினார். மெல்லிய சத்தம் கேட்டால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தனக்குள் ஓதிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை மதியம் கால் மரத்துப்போயிருந்தது. ஹெட்போனுக்குள் மழைநீர் இறங்கியிருந்தது. ஒரு சத்தம். பலமா, மெல்லியதா என்று புத்தி முடிவுசெய்வதற்குள் முழங்கால் மடங்கி, மண்வெட்டி மூன்று பக்கம் வெட்டி, புல்லைத் திருப்பிவிட்டது. கை மண்ணைப் பிசைந்து எடுத்தது. கட்டைவிரல் துடைத்தது. டப்பா திறந்து மூடியது. குதிகால் இரண்டு மிதி மிதித்தது.

அதற்குப் பிறகுதான் மஞ்சளாக ஏதோ பார்த்தோமே என்று அவருக்கு உறைத்தது.

டப்பாவைத் திறந்தார். ஆணிக்கும் பித்தானுக்கும் நடுவில், துவரம்பருப்பு அளவில், தங்க வளையம். ஒரு பக்கம் பிய்ந்திருந்தது.

நோரிஸ் மழையில் நின்றபடி தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். பதினேழு வருஷப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் காரியத்தைக் கெடுத்துவிட்டது. இமோஜனிடம் உண்மையைச் சொன்னால் டப்பாவிலிருக்கும் வளையத்துக்கு என்ன மதிப்பு? சட்டைப் பையிலேயே வைத்திருந்தாயா என்பார்கள். சொல்லாவிட்டால்? குழி இதோ, காலடியில் இருக்கிறது. வளையம் அங்கேதான் கிடந்தது. அது சத்தியம். கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தால் அது பொய்யா? இப்படி மூடினால் யாருக்குத் தெரியும்?

புல்லைத் திருப்பினார். வளையத்தை வைத்தார். மூடி மிதித்தார். நிமிர்ந்து, இமோஜனுக்கும் வில்ஃபுக்கும் போன் செய்தார்.

"கிடைச்சிருக்கும்மா. தொடல. அப்படியே விட்டிருக்கேன்."

இமோஜன் நாலரைக்கு வந்து சேர்ந்தாள். வில்ஃப் தொழுவத்துப் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்தார். நோரிஸ் டிடெக்டரை வீசிக் காட்டினார். சத்தம் தெளிவாகக் கேட்டது. இமோஜன் மண்டியிட்டு, போட்டோ எடுத்து, அளவு எடுத்து, சின்னக் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"இருங்கம்மா," என்றார் வில்ஃப். "தோண்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். மூணு மணிக்குத் தொழுவத்து ஜன்னல்லேருந்து பாத்தேன். இந்தாளு டப்பாலேருந்து எதையோ எடுத்து அங்க வச்சு மூடினாரு."

மழை பெய்துகொண்டிருந்தது. இமோஜன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, தோண்டவும் இல்லை.

"வில்ஃப்," என்றார் நோரிஸ். "அங்கேருந்துதான்யா எடுத்தேன். பழக்கத்துல கை எடுத்துருச்சு. எடுத்த குழியிலேயேதான் திருப்பி வச்சேன். சத்தியமா."

"இருக்கலாம்."

"நீ வாய மூடிட்டு இருந்திருந்தா நெலம் தப்பியிருக்குமேய்யா."

"தெரியும்." வில்ஃப் தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறினார். "உன்ன மாதிரி என்னால முடியல, பங்காளி."

"இதே குழிதான் வில்ஃப். நீ நம்பணும்."

"எப்படி நம்பறது? வேற எவனா இருந்தாலும் முதல்ல எங்க தோண்டினான்னு மண்ணு காட்டிக் குடுத்திருக்கும். நீ தோண்டினா தடம் தெரியாது. ஊர் பூரா நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

இமோஜன் வளையத்தை எடுத்துச் சின்ன உறையில் போட்டாள். பதக்கத்தோடு அது பொருந்தும் என்று மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. உறையின் மேல் தேதியை எழுதினாள். இடம் என்ற கட்டத்தில், நோரிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'தெரியவில்லை' என்று எழுதி மூடினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காருக்குப் போனாள்.

"சாவி," என்றார் வில்ஃப்.

நோரிஸ் கொடுத்தார்.

"நாளைக்குக் கம்பெனிக்காரன் கேப்பான்," என்று சொல்லிவிட்டு வில்ஃப் காலித் தொழுவத்தைப் பார்த்து நடந்தார்.

குழி திறந்தே கிடந்தது. மாடில்லாத நிலம், சீக்கிரமே எந்திரம் வந்து புல்லையே வழித்துப் போடப்போகிற நிலம். நோரிஸ் குனிந்தார். மண்ணைத் தள்ளி, புல்லை மூடி, குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார். நிமிர்ந்து பார்த்தபோது எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை.