நாற்காலிக்கு ஐந்து அளவு

நாற்காலிக் கடைக்காரருக்கு நான் வைத்திருந்த பெயர் லீவர்காரர். எந்த நாற்காலியைத் தொட்டாலும் முதலில் குனிந்து அதன் அடியில் கையை விடுவார். "இந்த லீவர் ஏத்த இறக்க, இந்த லீவர் சாய, இந்த லீவர்..." என்று ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். மூன்றாவது முறை போனபோது, "ஐயா, நான் நாற்காலி வாங்க வந்திருக்கேன், லாரி ஓட்ட இல்ல," என்று சொல்லிவிட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "பத்து மணி நேரம் உக்காரணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்று சிரித்தார்.

சொன்னேன்தான். உட்காரப்போவது நான் இல்லை, என் வீட்டுக்காரர். அவர் கடல் தாண்டிப் போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசியாக வந்துபோய் இரண்டரை வருடம். பெரிய கட்டடங்களில் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவர் வழியாகப் போகும், எங்கே திரும்பும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. வாரத்தில் ஒரு நாள் கட்டடம் நடக்கிற இடத்துக்குப் போவார். மற்ற நாளெல்லாம் வாடகை அறையில் உட்கார்ந்து வரைவார். அந்த அறையில் உட்காருகிறவர் இந்த வீட்டில் உட்காரக் கூடாதா என்று நான் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு காலையில் போன் செய்தார். "ஏம்மா, வீட்டுலேர்ந்தே வரைஞ்சு அனுப்ப விடுவாங்க போலிருக்கு. என் மேலதிகாரி சரின்னுட்டார். அவருக்கு மேல இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான். நீ ஒரு நல்ல நாற்காலி பாத்து வை. முதுகு முன்ன மாதிரி இல்ல."

நான் அப்போது இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்க மறந்துபோய் ஒரு வாடிக்கையாளரின் பேண்ட்டைப் பொசுக்கிவிட்டேன். அந்த ஆள் வந்து தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கு ஒரு வார்த்தைகூட உறைக்கவில்லை.

என் தொழில் துணி திருத்துவது. புதிதாகத் தைப்பதில்லை. கடையில் வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்த மாதிரி ஆக்கிக் கொடுப்பேன். கால் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, தோளைப் பிரித்து இறக்குவது. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி. வாசலில் ஒரு ஆள் வந்து நின்றாலே எனக்கு அளவு தெரிந்துவிடும், நாடா சும்மா மரியாதைக்கு. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அதை அளக்க இதுவரை யாரும் துணிந்ததில்லை.

அப்படிப்பட்ட நான் அந்த நாற்காலிக் கடையில் திருதிருவென்று விழித்தேன். வலை போட்ட முதுகு ஒரு பக்கம், பஞ்சு வைத்தது ஒரு பக்கம், கழுத்துக்கு முட்டுக் கொடுத்தது, கை வைக்கிற இடம் ஏறி இறங்குவது, ஏறாதது. ஒவ்வொன்றிலும் ஏறி உட்கார்ந்தேன். எனக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. என் வீட்டுக்காரர் என்னைவிட ஒரு சாண் உயரம். அவருக்கு எட்டுமா? முதுகு வளைவு அவருக்கு எந்த இடத்தில் வரும்? பீரோவில் அவருடைய பேண்ட் நாலு இருக்கிறது, எடுத்து அளந்தும் பார்த்தேன். நிற்கிற ஆளுக்குத்தான் அதில் அளவு இருந்தது. உட்கார்ந்தால் அவர் எப்படி இருப்பார் என்று எந்தப் பேண்ட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் என் நாத்தனாரும் கூட வந்தாள். அவருடைய அக்கா, மேல் மாடியில் குடியிருக்கிறாள். நான் பதினோராவது நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"என் தம்பிக்குப் பொண்ணு பாக்கறப்போகூட நாங்க இப்படி அலையலடி. உன்னை ஒரே தடவை பாத்தோம், முடிச்சிட்டோம்."

"அதான் இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கறீங்க," என்றேன். லீவர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவருடன் பேசுவேன். முன்பெல்லாம் அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மோட்டார் ரிப்பேர், மகளின் பரீட்சை, யாருக்குக் காய்ச்சல், சரி வெக்கறேன். நாற்காலிப் பேச்சு வந்த பிறகு அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. முந்தின நாள் கடையில் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன். அவரும் குடைந்து குடைந்து கேட்பார்.

"எங்க போடப்போறே?"

"ஜன்னல் பக்கம். இஸ்திரி மேசையை அந்தண்டை நகத்தியாச்சு. மத்தியானம் கொஞ்சம் முதுகுல வெயில் அடிக்கும், பரவாயில்லையா?"

"அடிக்கட்டும். அங்கேருந்து பாத்தா உன் மெஷின் தெரியுமா?"

"கதவைத் திறந்து வெச்சாத் தெரியும்."

"அப்போ திறந்தே வை."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணமான புதிதில்கூட நான் இப்படிப் பூரித்துப்போய்த் திரிந்ததில்லை. கையெழுத்து என்னாச்சு என்று நடுவில் கேட்பேன். "வரும் வரும். அந்த வலை முதுகு குத்துமா?" என்று அவர் நாற்காலிக்கே திரும்பிவிடுவார். எனக்கும் அதைப் பேசத்தான் பிடித்திருந்தது.

கடைசியில் லீவர்காரர் ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற படமும் பக்கத்தில் ஐந்து கோடும் இருந்தன. "உக்காரப்போறவர் அளவு இல்லாம நீங்க எத்தனை உக்காந்து பாத்தாலும் பிரயோஜனம் இல்லம்மா. இந்த அஞ்சு அளவை மட்டும் கேட்டு எழுதிட்டு வாங்க. அவருக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு எடுத்துத் தரேன்." இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரிடம் சண்டை போட்டேன். முதல் நாள் நான் அவரைப் பேசவே விடவில்லையாம்.

சீட்டைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். மறுநாள் அவருக்கு வார விடுமுறை. காலையில் போன் செய்து மடமடவென்று ஒப்பித்தார். "எழுதிக்கோ. தரையிலேர்ந்து முழங்கால் மடிப்பு இருபத்தொண்ணு. இடுப்புப் பின்பக்கத்துலேர்ந்து முழங்கால் மடிப்பு பதினஞ்சு. உக்காந்த அகலம் பதிமூணு. சீட்டுலேர்ந்து முழங்கை பதிமூணு. சீட்டுலேர்ந்து தோள் இருபது. ஆச்சா?"

"எல்லாம் இன்ச்சுதானே?"

"இன்ச்தான்."

மாடிப்படி அறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது போனில் அளவு சொன்னால், கத்தரி எடுக்கும் முன் மேசை மேல் துணியில் குறி போடுகிற சாக்குக் கட்டியால் ஒரு குச்சி மனிதனைப் போட்டு எண்களைப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். ஆள் ஒழுங்காக நின்றால்தான் துணியைத் தொடுவேன். அன்று என் வீட்டுக்காரரை வரைய வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எண்களைப் போட்டு, உட்கார்ந்த மாதிரி கோடு இழுத்தேன்.

ஆள் உட்காரவில்லை. முழங்காலுக்குக் கீழே இருபத்தொன்று என்றால் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் வேண்டும். தொடையோ பதினைந்து, பள்ளிக்கூடப் பையனுக்கு இருப்பது. தோள் இருபது, முழங்கை பதிமூன்று, கழித்தால் மேல்கை ஏழு அங்குலம். சின்னக் குழந்தைக்குச் சட்டை திருத்தும்போது பார்க்கிற அளவு அது.

இடுப்பு விஷயத்தில் உண்மை சொல்கிற ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோரும் இரண்டு அங்குலம் குறைத்துத்தான் சொல்வார்கள், அது மனித சுபாவம். முழங்காலில் யார் பொய் சொல்வார்கள்? அதுவும் இவர் குழாயை ஒரு நூல் தப்பாமல் அளக்கிற ஆள். இவர் தப்பாக அளக்கவில்லை, அளக்கவே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

சோம்பேறித்தனம் என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சாக்குக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். விடுமுறை நாள், கையில் டேப் இருக்கிறது, முதுகுவலியும் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காரப்போகிற ஆள் அளந்திருப்பான். அறைக் கதவைச் சாத்திவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன்.

"ஏங்க, உங்க மேல்கை ஏழு இன்ச்சா?"

"என்னது?"

"தோள் இருபது, முழங்கை பதிமூணு. ஏழு இன்ச் கையை வெச்சுக்கிட்டு எப்படித் தலை சீவறீங்க?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். "தப்பா அளந்துட்டேன் போலிருக்கு," என்றார்.

"நீங்க அளக்கவே இல்ல. கையெழுத்து வரலியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வந்துச்சும்மா. முடியாதுன்னு வந்துச்சு. கூப்பிட்ட நேரத்துக்கு நேர்ல வந்து நிக்கணுமாம்."

"எப்போ?"

"பதினாறு நாளாச்சு."

பதினாறு நாள். இஸ்திரி மேசையை நகர்த்தியது, நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனது, கதவைத் திறந்தே வை என்று அவர் சொன்னது, எல்லாமே அதற்குப் பிறகு. என் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்தேனே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா, வேடிக்கை பாத்தீங்களா என்று கேட்டேன். நான் மூச்சு வாங்கி நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்.

"தினமும் சொல்லணும்னுதான் போனை எடுப்பேன். நீ உடனே நாற்காலியை ஆரம்பிச்சிடுவே. முதுகுல வெயில் அடிக்கும்னு சொன்னே பாரு, அன்னிக்கு பூரா நான் அங்கதான் உக்காந்திருந்தேன். சொல்லிட்டா அதுவும் போயிடுமேன்னு இருந்துச்சு."

நான் அழுதேன். போனைத் திருப்பி வைக்கவோ முந்தானையால் மறைக்கவோ தோன்றவில்லை. "நாற்காலி யாருக்கு வேணும்? எனக்கு நீங்கதான் வேணும். ஏழு மணிக்குப் பேசறதுக்கு இல்ல, வீட்டுல வேணும்," என்றேன். ஆறு வருடத்தில் அதை நான் அப்படிப் பச்சையாகச் சொன்னதே இல்லை. எனக்கும் வீட்டில் வேணும் என்றார் அவர்.

"மறுபடி எப்போ கேக்கலாம்?" என்றேன்.

"ஒரு வருஷம் கழிச்சு."

"இப்போ எதுல உக்காந்து வரையறீங்க?"

சாப்பாட்டு மேசைக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியாம். மேலே ஒரு தலையணையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆறு வருஷமா அதுலயா? அந்த ஊர்ல நாற்காலிக் கடையே இல்லையா?"

"போயிடப்போறோமேன்னு வாங்கல."

"போகலியே! இன்னும் ஒரு வருஷம், தினம் பத்து மணி நேரம். கூனிப் போய் வந்து நின்னா உங்களை நான் என்ன பண்றது? டேப்பை எடுங்க. இப்பவே அளங்க. நாளைக்குப் போய் அங்கயே வாங்குங்க."

"சரி, அளந்து சொல்றேன்."

"நீங்க சொல்ற நம்பரை இனிமே நான் நம்ப மாட்டேன். போனைத் தரையில வையுங்க, நானே பாக்கறேன்."

போன் எங்கெங்கோ ஆடியது. கூரை தெரிந்தது, ஒரு விளக்கு தெரிந்தது, பிறகு ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் சாய்ந்து நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டார்.

போனில் எப்போதும் நெஞ்சுக்கு மேல்தான் தெரிவார். இரண்டரை வருடமாக நான் பார்த்த புருஷன் அவ்வளவுதான். இப்போது இரண்டு கால் வந்து என் முன்னால் ஊன்றி நின்றது. கட்டை விரலைவிட நீளமான இரண்டாவது விரல். குதிகாலில் வெடிப்பு கூடியிருந்தது. காலுறை பிடித்துப் பிடித்துக் கணுக்காலுக்கு மேலே முடி உதிர்ந்து ஒரு வளையம் விழுந்திருந்தது. கெண்டைக்கால் சதை கரைந்திருந்தது. இதை நான் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்?

அவர் இரும்பு டேப்பின் நுனியைத் தரையில் அழுத்தி, முழங்கால் மடிப்பு வரைக்கும் இழுத்துப் பிடித்தார். எண் தெளிவாகத் தெரிந்தது. சீட்டில் இருபத்தொன்றை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினேன்.

"தெரியுதா?" என்றது மேலேயிருந்து அவருடைய குரல். "காலை எடுக்கட்டுமா?"

"இன்னும் சரியாத் தெரியல," என்றேன். "அப்படியே வெச்சிருங்க."