பந்து விழுந்த இடம்

"நைஜல் சேர் வாயாலதான் அடிக்கிறார்" என்று டொக்டர் கம்சாயினி சொன்னாள். பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து நைஜலும் சிரித்தான்.

அவள் சொன்னது பொய்யில்லை. மனைவி பிறிசில்லாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவன் மட்டையைத் தொடவில்லை. துபாய்வரை பெயரெடுத்த கோல்ஃப் ஆசிரியன், பனிச்சங்கேணி வாவியோரத்து ஹோட்டல் புல்வெளியில் நின்று சொல்லிக்கொடுப்பதோடு சரி. சொல்வதும் ஒன்றேதான். பந்து போகும் இடத்தைப் பார்க்காதே, இருந்த இடத்தைப் பார். தலை எழும்பினால் அடி பிசகும். போன பந்து உன்னுடையதல்ல.

அவன் பெயர் பரவியது அந்தப் பாடத்தால்தான். ஆனால் விழும் இடத்தை யாராவது பார்க்கத்தானே வேண்டும். பிறிசில்லா பார்த்தாள். அவன் புல்லைப் பார்த்தபடியே "எங்க?" என்பான்.

"கரையில நிக்கிற கண்ணாப் பத்தைக்கு இந்தப் பக்கம். நீர்க்காகம் ஒண்டு பயந்து பறக்குது, பாவம்." சில நாட்களில், "மனேஜர்ட மொட்டைத் தலையில."

அடக்கத்தன்று பெட்டியை மூடும்போது கடைசியாக அவள் முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவன் காலடி மண்ணையே பார்த்து நின்றான். பழக்கம்.

கம்சாயினி கேலி செய்த அன்று மாலை மனேஜர் அம்ஜத் வந்தான். "சேர், முதலாளி நாளைக்குக் கொழும்பால வாறார். நீங்க அடிச்சுக் காட்டாட்டி வேற ஆளைப் போடுவாராம். ஒரேயொரு அடி. இந்த மொட்டைக்காகவாவது."

மறுநாள் காலை முதலாளி விருந்தினர்களோடு வந்து நின்றார். நைஜல் மட்டையை எடுத்தான். தலை குனிந்தபடியே அடித்தான். சத்தம் சுத்தமாக இருந்தது. கைதட்டினார்கள்.

"எங்க?" தன்னை அறியாமல் கேட்டுவிட்டான்.

"நல்லாப் போச்சு, சேர்!" என்றான் அம்ஜத்.

"எங்க விழுந்தது?"

அம்ஜத் பக்கத்தில் நின்ற கம்சாயினியைப் பார்த்தான். "தண்ணிக்குள்ளதான், சேர்" என்றாள் அவள் மெல்ல. எதிரே வாவி முழுவதும் தண்ணீர்தான்.

முதலாளி கைகொடுக்க வந்தார். வேலை நிலைத்துவிட்டது. நைஜல் குனிந்து இன்னொரு பந்தை வைத்தான். மட்டை இறங்கும்போதே தலையைத் தூக்கினான்.

அடி பந்தின் உச்சியில் பட்டது. பந்து புல்லில் குதித்து உருண்டு, கரைச் சேற்றில் போய் நின்றது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முதலாளியின் கை பாதியில் நின்றது.

"என்ன இது?"

"பிழை" என்றான் நைஜல். "செய்ய வேணாம் எண்டு நான் படிப்பிக்கிற பிழை."

பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு உடைந்த துடுப்புக்குப் பக்கத்தில், பாதி புதைந்து கிடந்தது. பிறகு அம்ஜத்திடம் பைக் சாவியைக் கேட்டான்.

"இப்ப போனா முதலாளி கோபிப்பார், சேர். எங்க போறீங்க?"

"மட்டக்களப்புக்கு. சேமக்காலைக்கு. பிறிசில்லாவ அடக்கம் பண்ணின இடத்த நான் இன்னும் பார்க்கல்ல."